ரொபார்ஸ் ஹேமோன்

ரொபார்ஸ் ஹேமோன் (இயற்பெயர்: லூயி-போல் நேமோ, நவம்பர் 18, 1900 – ஜூன் 29, 1978) பிரெத்தோன் மொழி எழுத்தாளர், இதழாசிரியர், இலக்கண ஆய்வாளர், அகராதி ஆசிரியர், பிரெத்தோன் தேசியவாதி. பிரெத்தோன் மொழியின் நவீன இலக்கியத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். க்வாலார்ன் இதழின் நிறுவனர். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் வானொலி நிகழ்ச்சிகளையும் வார இதழையும் நடத்தினார். அதற்காகப் போருக்குப் பின் தண்டிக்கப்பட்டார். வாழ்வின் இறுதி முப்பது ஆண்டுகளை அயர்லாந்தின் டப்ளின் நகரில் கழித்தார்.

மொழிப் பின்னணி

பிரித்தானி என்பது பிரான்சின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் தீபகற்பம். பிரித்தானியா எனப்படும் பெரிய தீவு வேறு, இது வேறு. ஆயினும் இரண்டுக்கும் பெயர்த்தொடர்பு உண்டு. ஏறத்தாழ 5, 6ஆம் நூற்றாண்டுகளில் அத்தீவிலிருந்து கடல் கடந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கெல்டிக் மொழியே பிரெத்தோன். வேல்ஸ் மொழிக்கும் கார்ன்வால் மொழிக்கும் நெருங்கிய உறவு கொண்டது. பிரெஞ்சு மொழிக்கு இதனுடன் நேரடி உறவு இல்லை.

1532ல் பிரித்தானி பிரெஞ்சு முடியரசுடன் இணைக்கப்பட்டது. நகரங்களிலும் ஆட்சியிலும் பிரெஞ்சு வேரூன்றியது. தீபகற்பத்தின் மேற்குப் பாதியில் உழவர்களும் மீனவர்களும் பிரெத்தோன் பேசினர். 1880களில் பிரான்சில் கட்டாய இலவசக் கல்வி வந்தபோது பள்ளிகளில் பிரெஞ்சு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. வகுப்பில் பிரெத்தோன் பேசிய மாணவரின் கழுத்தில் ஒரு பழைய மரக்கட்டையையோ செருப்பையோ தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அந்த மாணவர் தாய்மொழி பேசும் இன்னொரு மாணவரைக் காட்டிக்கொடுத்தால்தான் அதைக் கழற்ற முடியும். மாலையில் யாரிடம் அது இருக்கிறதோ அவருக்குத் தண்டனை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரெத்தோன் பேசினர். ஆனால் அதில் அச்சானவை பெரும்பாலும் மறையுரைகள், புனிதர் வரலாறுகள், நாட்டார் பாடல்கள், கிராமத்து நல்லொழுக்கக் கதைகள். படித்தவர் பிரெஞ்சில் படித்தனர். பிரெத்தோன் பேசியவர்களில் பெரும்பாலோருக்குத் தம் மொழியை எழுதவோ படிக்கவோ தெரியாது. இந்தப் பின்புலத்தில் வைத்தே ஹேமோனைப் புரிந்துகொள்ள முடியும்.

பிறப்பு, கல்வி

லூயி-போல் நேமோ 1900 நவம்பர் 18 அன்று பிரெஸ்ட் நகரில் பிறந்தார். பிரெஸ்ட் ஒரு கடற்படைத் துறைமுகம். சுற்றியுள்ள கிராமங்கள் பிரெத்தோன் பேசியபோதும் நகரம் பிரெஞ்சு பேசியது. நேமோவும் பிரெஞ்சு பேசி வளர்ந்தவரே. பிரெத்தோன் மொழியை இளமையில் தானாக விரும்பிக் கற்றார். ஆங்கிலத்தில் உயர்கல்வி பெற்று பிரெஸ்ட் நகரின் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றினார். எழுத்துக்காக ரொபார்ஸ் ஹேமோன் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டார். ரொபார்ஸ் என்பது ராபர்ட் என்னும் பெயரின் பிரெத்தோன் வடிவம்.

அவர் தாய்மொழியாகப் பெற்ற மொழியைக் காக்கப் போராடியவர் அல்ல. தேர்ந்தெடுத்துக் கற்ற மொழிக்காக வாழ்வைக் கொடுத்தவர். அவருடைய வலிமை, குறை இரண்டுக்கும் இந்தச் செய்தி திறவுகோலாக அமைகிறது.

க்வாலார்ன்

1925ல் ஹேமோனும் கட்டிடக்கலைஞரும் அரசியல் செயற்பாட்டாளருமான ஒலியே மோர்த்ரெலும் சேர்ந்து க்வாலார்ன் இதழைத் தொடங்கினர். வடமேற்கு என்பது அதன் பொருள். பிரெய்ஸ் அதாவ் என்னும் தேசியவாத இதழின் இலக்கிய இணைப்பாகத் தொடங்கிப் பின்னர் தனி இதழாயிற்று. 1944 வரை வெளிவந்தது.

க்வாலார்னின் நோக்கம் தெளிவானது. கிராமத்து மக்களை மகிழ்விக்கும் நாட்டார் எழுத்து வேண்டாம். ஐரோப்பாவின் எந்த மொழி இலக்கியத்துக்கும் இணையாக நிற்கக்கூடிய எழுத்து பிரெத்தோனில் வேண்டும். அதன் வாசகர் படித்தவராக இருப்பார். அப்படிப்பட்ட வாசகர் இன்று இல்லையெனில் அவரை உருவாக்க வேண்டும்.

இதழ் சில நூறு வாசகர்களையே கொண்டிருந்தது. ஆனால் அதன் பக்கங்களில் ஒரு தலைமுறையே எழுந்தது. சிறுகதையில் தேர்ந்த ஜாக்கேஸ் ரியூ, நாவலாசிரியர் யுவென் திரேசென், அபியோசென் முதலானோர் க்வாலார்ன் வழியாக அறியப்பட்டவர்கள். கிரேக்க நாடகங்களும் ஆங்கில, ஐரிஷ், ரஷ்யப் படைப்புகளும் பிரெத்தோனில் வந்தன. பிரெஞ்சின் வழியாக மட்டுமே உலகைப் பார்க்கப் பழகியிருந்த மொழியினருக்கு இது புதிது.

குழந்தைகளையும் ஹேமோன் மறக்கவில்லை. பியாட்ரிக்ஸ் பாட்டரின் முயல்குட்டிக் கதையை பிரெத்தோனில் தந்தார். நன்கொடை திரட்டிச் சிறுவர் நூல்களை அச்சிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கும் திட்டத்தையும் க்வாலார்ன் வட்டம் நடத்தியது. தாய்மொழி பேசினால் தண்டனை கிடைத்த பிள்ளைகளின் கைக்கு அந்த மொழியிலேயே படம் போட்ட புத்தகம் வந்தது. ஹேமோனின் பணிகளில் மிக எளியதும் மிக நேரானதும் இதுவே எனலாம்.

மொழிப் பணி

ஹேமோன் கற்பிக்கும் மனம் கொண்டவர். தொடக்கநிலைப் பாடநூல், சுருக்கமான இலக்கணம், கையடக்க அகராதி ஆகியவற்றை எழுதினார். ஆங்கிலத்தைச் சில நூறு சொற்களுக்குள் சுருக்கிக் கற்பிக்கும் முறையை சி.கே. ஆக்டன் 1930ல் வெளியிட்டார். அதைப் பின்பற்றி ‘எளிய பிரெத்தோன்’ என்னும் திட்டத்தை ஹேமோன் வகுத்தார். அடிப்படைச் சொற்களைக் கொண்டு எவரும் படிக்கத் தொடங்கலாம் என்பது அதன் கருத்து.

இன்னொரு பக்கம் அவருடைய வட்டம் பிரெஞ்சுக் கடன்சொற்களை விலக்கியது. பழைய பிரெத்தோன் சொற்களை மீட்டது, வேல்ஸ் மொழியிலிருந்து வேர்களை எடுத்தது, புதிய கூட்டுச்சொற்களை ஆக்கியது. தொலைவு, பேச்சு என்னும் இரு சொற்களைச் சேர்த்துத் தொலைபேசிக்குப் பெயர், வேல்ஸ் மொழிச் சொல்லைத் தழுவி மின்சாரத்துக்குப் பெயர் என இத்தகைய சொற்கள் இன்றைய எழுத்து பிரெத்தோனில் நிலைபெற்றுள்ளன. தனித்தமிழ் இயக்கத்தை அறிந்த வாசகருக்கு இந்த முயற்சியும் அதையொட்டிய வாதங்களும் புதியவை அல்ல.

ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் புதுச்சொற்கள் பள்ளி, செய்தித்தாள், மேடை ஆகியவற்றின் வழியே பேசும் மக்களிடம் சென்றன. பிரெத்தோனுக்கு அப்போது பள்ளியும் இல்லை, நாளிதழும் இல்லை, ஆட்சியும் இல்லை. எனவே புதிய எழுத்துமொழி எழுதுபவர்களிடையே வளர்ந்தது. பேசும் உழவருக்கு அது போய்ச் சேரவில்லை. க்வாலார்ன் மொழியைக் கேட்ட கிராமத்து முதியவருக்கு அது வேற்று மொழியாகவே ஒலித்தது என்னும் குறை தொடர்ந்து சொல்லப்பட்டது.

போர்க்காலம்

1939ல் போர் தொடங்கியதும் ஹேமோன் பிரெஞ்சுப் படையில் சேர்க்கப்பட்டார். 1940ல் பிரான்ஸ் வீழ்ந்தபோது ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, அதே ஆண்டில் விடுவிக்கப்பட்டார். பிரித்தானி முழுவதும் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் வந்தது.

ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் லியோ வைஸ்கெர்பர் என்னும் மொழியியலாளர் இருந்தார். கெல்டிக் மொழிகளில் புலமை உடையவர். ரென் நகர வானொலியின் பிரெத்தோன் நிகழ்ச்சிகள் அவருடைய மேற்பார்வையில் நடந்தன. அந்த நிகழ்ச்சிகளை ஹேமோன் பொறுப்பேற்று நடத்தினார். 1941 முதல் 1944 வரை ஆர்வோர் என்னும் பிரெத்தோன் வார இதழின் ஆசிரியராக இருந்தார். 1941ல் நிறுவப்பட்ட பிரித்தானிக் கெல்டிக் நிறுவனத்துக்கும் தலைமை ஏற்றார்.

அதே 1941ல் எழுத்துமுறைச் சீர்திருத்தமும் நடந்தது. பிரெத்தோனில் நான்கு பெரிய வட்டார வழக்குகள் உண்டு. லெயோன், திரெகோர், கோர்னுவாய் ஆகிய மூன்றும் 1908 முதல் பொது எழுத்துமுறையைக் கொண்டிருந்தன. தெற்கிலுள்ள வான் வட்டாரம் தனியாக நின்றது. முதல் மூன்றில் இசட் எழுத்தால் முடியும் பல சொற்கள் வான் வழக்கில் எச் எழுத்தால் முடிந்தன. புதிய முறை இரண்டு எழுத்துகளையும் சேர்த்து எழுதியது. நாட்டின் பெயரான பிரெய்ஸ் என்பதும் அப்படியே எழுதப்பட்டது. இன்று பிரித்தானியில் கார்களின் பின்புறம் ஒட்டப்படும் மூன்றெழுத்துச் சுருக்கம் அந்த எழுத்துமுறையின் வழிவந்தது. இந்தச் சீர்திருத்தத்தில் ஹேமோனுக்கு முதன்மையான பங்கு உண்டு.

இவையெல்லாம் மொழிப்பணிகள்தாம். ஆனால் அவை நடந்த இடமும் காலமும் வேறு. நாட்டை ஆண்டது நாஜி அரசு. யூதர்கள் பிரான்சிலிருந்து கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்ட ஆண்டுகள் அவை. ஆர்வோர் ஆக்கிரமிப்புத் தணிக்கையின் கீழ் வெளிவந்த இதழ். யூத வெறுப்புக் கருத்துகள் அதில் இடம்பெற்றன. ஆசிரியர் என்னும் முறையில் ஹேமோன் அந்தப் பொறுப்பிலிருந்து விலக முடியாது.

1943 டிசம்பரில் ‘ஃபெய்ஸ் ஹா பிரெய்ஸ்’ இதழின் ஆசிரியரான பாதிரியார் யான்-வாரி பெரோ சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் அவர் பெயரில் பெஸென் பெரோ என்னும் ஆயுதக்குழு உருவாகி, ஜெர்மானியச் சீருடையில் எதிர்ப்பியக்கத்தினரை வேட்டையாடியது. ஹேமோன் அக்குழுவில் இல்லை. ஆனால் பொதுமக்கள் மனத்தில் பிரெத்தோன் தேசியம் என்னும் சொல்லோடு அந்தச் சீருடை ஒட்டிக்கொண்டது.

தண்டனையும் டப்ளினும்

1944ல் நேசப்படைகள் நெருங்கியபோது ஹேமோன் ஜெர்மனிக்குச் சென்றார். போர் முடிந்ததும் கைது செய்யப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். பிறகு பத்தாண்டுகளுக்கு ‘தேசியத் தகுதியிழப்பு’ தண்டனை விதிக்கப்பட்டது. குடியுரிமை சார்ந்த பல உரிமைகளைப் பறிக்கும் தண்டனை அது. ஆசிரியப் பணியும் போயிற்று.

1947ல் அயர்லாந்து சென்றார். டப்ளின் உயர்கல்வி ஆய்வு நிறுவனத்தின் கெல்டிக் ஆய்வுப் பிரிவில் பணி கிடைத்தது. இங்கிருந்துதான் அவருடைய அறிவுலகப் பங்களிப்பின் பெரும்பகுதி வந்தது. இடைக்கால பிரெத்தோன் நூல்களைப் பதிப்பித்தார். பிரெத்தோன் மொழியின் வரலாற்று அகராதியை 1950களின் இறுதியிலிருந்து பகுதி பகுதியாக வெளியிட்டார். ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில், எந்த வடிவில், எந்த நூலில் வருகிறது என்று காட்டும் பெரும்பணி அது. 1975ல் பிரெத்தோன் சொல்லமைப்பு, தொடரமைப்பு ஆகியவற்றின் வரலாற்று இலக்கணம் வெளிவந்தது. கெல்டிக் மொழியியல் கற்போர் இன்றும் புரட்டும் நூல் இது.

1978 ஜூன் 29 அன்று டப்ளினில் மறைந்தார்.

புனைவுகள்

ஹேமோன் கவிதை, நாடகம், சிறுகதை, நாவல் என எல்லா வடிவங்களிலும் எழுதினார். தொடக்ககால ‘திரு. பிம்போஷே பிரித்தானியில்’ எதிர்காலத்தில் நடக்கும் அங்கதக் கதை. விடுதலை பெற்ற பிரித்தானிக்கு வரும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தன் பழைய எண்ணங்களோடு திண்டாடுவதே அதன் நகைச்சுவை.

நாடுகடந்த காலத்தில் எழுதியவற்றில் ‘மாரி வோர்கன்’ (1962) குறிப்பிடத்தக்கது. கடற்கன்னித் தொன்மத்தைக் கொண்ட கடற்பயண நாவல். ‘நென் ஜானி’ (1974) பிரெஸ்ட் நகரின் எளிய மக்களின் வாழ்க்கையைச் சொல்வது. இந்நாவலில் ஒரு முரண் உள்ளது. ஹேமோன் பிறந்த பிரெஸ்ட் 1944 முற்றுகையில் பெரும்பாலும் தரைமட்டமாயிற்று. இல்லாத நகரத்தை அயல்நாட்டில் அமர்ந்து எழுதினார். அந்த நகரம் உண்மையில் பேசிய மொழி பெரும்பாலும் பிரெஞ்சு. அதன் வீதிகளை பிரெத்தோனில் பேசவைத்தார். கனவில் மட்டுமே இருந்த ஊர் அது. ஆனால் அந்தக் கனவில் இளமைக்கால அறிக்கைகளின் இறுக்கம் இல்லை. படித்த மேலோர்க்கான இலக்கியம் வேண்டும் என்று தொடங்கியவர், எழுபது வயதைக் கடந்தபின் எளியவர்களிடம் வந்து சேர்ந்தார்.

பெயர் நீக்கம்

1977ல் பிரெத்தோன் வழிக் கல்விக்கான தீவான் பள்ளிகள் தொடங்கின. தீவான் என்பதற்கு விதை முளைத்தல் என்று பொருள். பிரெஸ்ட் அருகே ரெலெக்-கெருவோன் என்னும் ஊரிலுள்ள தீவான் நடுநிலைப்பள்ளிக்கு ரொபார்ஸ் ஹேமோன் பெயர் சூட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி அவருடைய போர்க்காலச் செயல்கள் பொதுவெளியில் விவாதமாயின. முடிவில் பள்ளியிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

ஆதரவாளர்கள் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை, ஆயுதம் ஏந்தவில்லை, மொழிக்காகக் கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்தினார், அதற்கான தண்டனையையும் அனுபவித்துவிட்டார் என்றனர். எதிர்ப்பாளர்கள் அவர் நாஜி ஆக்கிரமிப்பின் பிரச்சார அமைப்புக்குள் அமர்ந்து பணியாற்றியவர், அத்தகையவரின் பெயரைப் பிள்ளைகள் படிக்கும் வாசலில் எழுதக் கூடாது என்றனர்.

மதிப்பீடு

ஹேமோனின் சாதனையையும் வீழ்ச்சியையும் இரண்டு தனித்தனிக் கதைகளாகச் சொல்வது வழக்கம். ஒன்று இலக்கியம், மற்றது அரசியல் என்று பிரித்துவிட்டால் வசதி. ஆனால் இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தவை. மொழியே எல்லாவற்றுக்கும் மேலானது, அதைப் பேசும் மனிதர்கள் அதற்குப் பின்னரே என்பது அந்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் க்வாலார்னைச் சாத்தியமாக்கியது. வாசகர் இல்லை, பள்ளி இல்லை, விற்பனை இல்லை என்று தயங்கியிருந்தால் நவீன பிரெத்தோன் இலக்கியம் அவ்வளவு விரைவில் தோன்றியிருக்காது. இருபது ஆண்டுகளுக்குள் ஒரு மொழியைப் பக்திப்பாடலிலிருந்து நாவலுக்கும் உலக மொழிபெயர்ப்புக்கும் கொண்டுவந்தது எளிய செயலல்ல. 1946ல் தொடங்கிய அல் லியாம் இதழ் க்வாலார்னின் தொடர்ச்சியே.

அதே நம்பிக்கைதான் பேசும் மக்களின் சொற்களைக் கலப்படம் என ஒதுக்கவைத்தது. உழவர் வாயில் நூற்றாண்டுகளாகப் புழங்கிய பிரெஞ்சுக் கடன்சொல் அவருக்குக் கறையாகத் தெரிந்தது. அச்சொல்லைப் பேசிய உழவர் தன் மொழி ‘நல்ல பிரெத்தோன்’ அல்ல என்று எண்ணத் தொடங்கினார். அது மட்டமானது என்று பிரெஞ்சுப் பள்ளி ஏற்கெனவே சொல்லியிருந்தது. இப்போது மொழிக்காவலரும் அதையே வேறு காரணத்துக்காகச் சொன்னார்.

அதே நம்பிக்கைதான் 1940ல் ஒலிவாங்கியை நீட்டியவர் யார் என்று கேட்காமல் அதன்முன் அமரவைத்தது. பிரெஞ்சுக் குடியரசு தராத வானொலியை ஆக்கிரமிப்பாளர் தந்தார். மொழி ஒலித்தால் போதும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் மொழி தனியாக ஒலிப்பதில்லை. யாருடைய நிலையத்தில், யாருடைய அனுமதியோடு ஒலிக்கிறது என்பதும் அதன் பொருளில் சேர்ந்துவிடுகிறது. போருக்குப் பின் பிரெத்தோனுக்காகப் பேசிய ஒவ்வொருவரும் முதலில் தன்னைத் துரோகி அல்ல என்று நிறுவ வேண்டியிருந்தது. 1941 எழுத்துமுறைகூட இலக்கணக் காரணங்களுக்காக மட்டுமன்றி, அது பிறந்த ஆண்டுக்காகவும் எதிர்க்கப்பட்டது. 1955ல் ஃபால்குன் என்னும் அறிஞர் மாற்று எழுத்துமுறையை முன்வைத்தார். சிறுபான்மை மொழியொன்று தனக்குள்ளேயே எழுத்துக்காகப் பிளந்து நின்றது.

ஒப்பீட்டுக்கு பியேர்-ஜாக்கேஸ் எலியாஸை நோக்கலாம். உழவர் குடும்பத்தில் பிரெத்தோன் பேசி வளர்ந்தவர். 1946 முதல் வானொலியின் பிரெத்தோன் நிகழ்ச்சிகளை நடத்தினார். கிராமத்துப் பேச்சையே ஒலிபரப்பினார். அவருடைய ‘பெருமிதக் குதிரை’ 1975ல் பிரெஞ்சு வடிவில் வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. எலியாஸ் மக்கள் பேச்சைப் பதிவுசெய்தார். ஆனால் அது மறைந்துவரும் உலகம் என்னும் துயரத்தோடு பதிவுசெய்தார். ஹேமோன் அந்த மொழிக்கு எதிர்காலம் உண்டு என நம்பினார். ஆனால் அந்த எதிர்காலத்தில் இன்றைய பேச்சாளருக்கு இடம் வைக்கவில்லை. ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லை.

காலம் இருவருக்கும் முழு வெற்றி தரவில்லை. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெற்றோர் பிள்ளைகளிடம் பிரெத்தோன் பேசுவதை நிறுத்தினர். 2018ல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் பேசுபவர் சுமார் 2 லட்சம் பேர், அவர்களில் பெரும்பாலோர் முதியோர். இன்று பிரெத்தோன் கற்கும் பிள்ளைகளில் பலர் ஹேமோனைப் போலவே பிரெஞ்சு வீட்டில் பிறந்து பள்ளியில் மொழியைக் கற்பவர்கள். அவர் கற்பனை செய்த வாசகர் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஊரிலுள்ள பாட்டியின் பேச்சு புரிவதில்லை, பாட்டிக்குப் பிள்ளையின் மொழி அந்நியமாக இருக்கிறது என்னும் சிக்கலும் கூடவே வந்திருக்கிறது.

பள்ளியின் பெயர்ப்பலகையை மாற்றியது சரியான முடிவு. பலகையில் பெயர் எழுதுவது மரியாதை செய்வது. அந்த மரியாதை மனிதரின் முழு வாழ்வுக்கும் சேர்த்துச் செய்யப்படுவது. 1941ஐ மட்டும் மறைத்து அதைச் செய்ய முடியாது. ஆனால் நூலைப் பயன்படுத்துவது மரியாதை அல்ல, தேவை. அவருடைய அகராதி இல்லாமல் பழைய பிரெத்தோனைப் படிக்க முடியாது. அவர் வகுத்த பாடமுறை இல்லாமல் இன்றைய பாடநூல்கள் இல்லை. பெயரை நீக்கிய பள்ளியிலும் பிள்ளைகள் எழுதுவது 1941 எழுத்துமுறையைத்தான். அந்த எழுத்துகள் எப்படி வந்தன என்று கேட்கும் மாணவருக்கு க்வாலார்னையும் ஆர்வோரையும் சேர்த்தே சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது மாணவரை ஏமாற்றுவதாகும்.